அந்த ஊர்த் துரு

இந்த வாரம் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். பேச்சுவாக்கில் அடிக்கிற சத்தியம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துச் செய்கிற சத்தியம். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கூட்டவில்லை, குறைக்கவில்லை, மெருகுகூடப் போடவில்லை.

போன வாரம் கதை ஒரு சீட்டுக்கு அடியில் நின்றது. பெரியவருடைய ஷெட்டில் பின்சீட்டைத் தூக்கிய தையல்காரர், அதன் அடித்துணியில் தன்னுடைய சிவப்பு நூல் முடிச்சைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முடிச்சை அவர் போட்டது சின்னவருடைய ஷெட்டில். பிறகு டார்ச்சை எடுத்து மட்கார்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். எல்லாமே அவர் கையால் மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்கியவை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: பெரியவர் ஷெட்டில் நிற்பது பெரியவருடைய கார் இல்லை. அது கண்ணுக்குத் தெரிகிற ஒரு சாமான்கூட மிச்சமில்லாமல் எப்போதோ நான்கு தெரு தள்ளிப் போய்விட்டது.

புதிதாக வந்து உட்கார்கிறவர்களுக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விடலாம். இந்த வீட்டில் அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர், நடுவில் ஒரு பெண். பெரியவர் எஞ்சின் மெக்கானிக். சின்னவர் டிங்கரிங், நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி வர்ணம் அடிப்பவர். நடுவில் பிறந்தவள், கம்பெனியே மறந்துவிட்ட பழைய கார்களுக்கெல்லாம் சாமான் தேடிப் பிடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டவர்தான் தையல்காரர். கார் சீட்டுக்கு ரெக்சின் தைப்பார். வீட்டில் பேசுவதற்கு அவருக்கு அதிகம் வாய்ப்புக் கிடையாது. ஊசியை வாயில் கடித்துக்கொண்டிருப்பதால் அது ஒரு குறையாகவும் தெரிவதில்லை.

அவர்களுடைய அப்பா ஒரு தூதரகத்தில் டிரைவராக இருந்தவர். தூதர் ஊரைவிட்டுப் போகும்போது, கப்பலில் ஏற்ற இடமில்லை என்று தன் அமெரிக்கக் காரை அவரிடமே விட்டுவிட்டுப் போனார். கப்பலின்மேல் குற்றம் இல்லை. கடல்பச்சை நிறத்தில், பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கை வைத்த வண்டி அது. தெருமுனையில் திரும்பினால் முன்சீட்டில் இருப்பவருக்கு வெயில் அடிக்கும். பின்சீட்டில் இருப்பவர் மேல் அப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும். டிக்கி திறந்திருந்த ஒரு சமயம் யாரோ வந்து வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அப்பா போன மறுமாதம் சண்டை. காரின் ஒரு ஆணிகூடத் தம்பி கைக்குப் போகாது என்றார் பெரியவர். அந்தக் காரைத் தொட்டால் என் கை விளங்காமல் போகட்டும் என்றார் சின்னவர். சொன்ன சூட்டோடு காயலாங்கடைக்குப் போய், அதே மாடல், அதே வருஷம், அதே கடல்பச்சையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த இன்னொரு வண்டியைப் பிடித்து இழுத்துவந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆளுக்கொரு ஷெட், ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு பக்கம் திருப்பி வைத்த முகம்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு வியாதி. தன் கையால் சரிசெய்ததை இரண்டு பேருமே நம்பமாட்டார்கள். பெரியவர் ஒரு கார்புரேட்டரை ஒரு வாரம் உட்கார்ந்து பூப்போல ஆக்கிவிட்டு, “இது ஒட்டுப்போட்டது. எனக்கு அங்கேயிருந்து வந்ததுதான் வேணும்” என்று தங்கையிடம் தள்ளிவிடுவார். சின்னவர் ஒரு மட்கார்டைத் தட்டித் தட்டிக் கண்ணாடிபோல ஆக்கிவிட்டு அதே பாட்டைப் பாடுவார். அங்கேயிருந்து என்றால் அமெரிக்காவிலிருந்து. அங்கே அந்தச் சாமான் நின்றுபோய் மாமாங்கம் ஆகிறது என்பதை அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது.

நடுவில் பிறந்தவள் சொல்லவில்லை. தம்பி தள்ளிவிட்ட மட்கார்டை அண்ணனுக்குக் கொடுத்தாள். அண்ணன் தள்ளிவிட்டதைத் தம்பிக்குக் கொடுத்தாள். அவளிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. பக்கவாட்டில் கறுப்பு மையில் ஏதோ ஒரு துறைமுகத்தின் பேர். எந்தச் சாமானாக இருந்தாலும் அந்தப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே தையல்காரர் ஒரு சணல் கயிறு கட்டி, இன்னொருவர் ஷெட்டில் கொண்டுபோய் இறக்குவார். அந்தப் பெட்டி அமெரிக்காவுக்குப் போய்வந்த தடவைகளைக் கூட்டினால் ஒரு கப்பல் மாலுமிக்கு ஓய்வூதியமே கொடுக்கலாம். உண்மையில் அது கடலைப் பார்த்ததில்லை.

அப்பா காரின் துருப்பிடித்த மட்கார்டு ஒன்று சின்னவரிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் அதை முகர்ந்தே பார்த்தார்.

“துருவைப் பாருங்க அத்தான். இது அந்த ஊர்த் துரு. நம்ம ஊர்த் துருவுக்கு இந்த மினுமினுப்பு வராது.”

தையல்காரர் ஊசியைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

இதெல்லாம் எதற்கு என்று அவர் ஒருநாள் மனைவியைக் கேட்டதுண்டு. அவள் வைக்கோலை உதறியபடியே சொன்னாள்: “இந்தப் பெட்டி போய்வரலேன்னா அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வேற எதுவுமே போய்வராதுங்க.” அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அந்த இரண்டு ஷெட்கள்தான். குட்டு வெளிப்பட்டால் இரண்டு கதவும் ஒரே நாளில் சாத்திக்கொள்ளும். பிறகு அவள் எங்கே போவாள்?

போன வாரம் அவர் முடிச்சைப் பார்த்த கதையைச் சொன்னபோதும் அவள் பதறவில்லை. “வாயைத் திறந்தீங்க, உங்க நூலாலயே தைச்சுடுவேன்” என்று மட்டும் சொன்னாள்.

இன்றைக்குத்தான் அந்தக் காந்தக்காரர் வருகிறார்.

பழைய கார்ச் சங்கத்திலிருந்து வண்டிகளைச் சோதிக்க வருகிறவர் அவர். கயிற்றில் கட்டிய ஒரு காந்தத்தை வண்டி முழுக்க ஒற்றியெடுத்துக்கொண்டே போவார். தகடு என்றால் ஒட்டும். ஓட்டையைப் பட்டி போட்டு அடைத்திருந்தால் கீழே விழும். அவர் சரி என்றால் சங்கம் ஒரு பித்தளைத் தகடு கொடுக்கும். அதில் சொந்தக்காரர் சொல்லுகிற பேரைப் பொறிப்பார்கள். பெரியவருக்கு அதில் அப்பா பேர் வேண்டும். வேறொன்றும் அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை, சாமானைத் தவிர.

இதில் கோணல் என்னவென்றால், சின்னவரும் மனுப் போட்டிருந்தார். காந்தக்காரர் காலையில் அங்கே, பிற்பகலில் இங்கே. அதனால் மனைவி அங்கே காவல், கணவர் இங்கே காவல்.

பெரியவர் புதுமாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டுக்கொண்டு பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தையல்காரர் பின்சீட்டில் உட்கார்ந்து தைக்க வேண்டிய இடம் எதுவுமில்லாத சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி. குரல் தாழ்ந்திருந்தது.

“அந்த ஆளு இங்கேருந்து கிளம்பிட்டார். என்ன ஆனாலும் அவரைக் காருக்கு அடியில மட்டும் போக விடாதீங்க.”

ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மேலே, உள்ளே, முன்னே, பின்னே எல்லாம் பார்க்கலாம். அடியில் மட்டும் கூடாதாம். மட்கார்டு, எஞ்சின், கதவெல்லாம் மாறிப்போனது தெரிந்த விஷயம். அடியில் என்ன இருக்கிறது? சேஸிஸ். அதாவது மற்றதெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிற இரும்புச் சட்டம். தையல்காரர் ஊசியைச் சீட்டில் குத்திவிட்டு யோசித்தார். மூன்று வருஷத்துக்கு முன் பெரியவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, சேஸிஸில் விரிசல் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. சின்னவருடையது கோணிக்கொண்டது என்று அதே லாரியில் அதே நாளில் ஏற்றியதும் ஞாபகம் வந்தது. பட்டறையில் இறக்கினார்கள், பிறகு ஏற்றினார்கள். எதை எங்கே இறக்கினோம் என்பதுதான் ஞாபகம் வரவில்லை. லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நன்றாகத் தூங்கியிருந்தார்.

காந்தக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், முழங்கால் இரண்டிலும் தோல் பட்டை. தையல்காரர் கண் அந்தப் பட்டையிலேயே நின்றது. தரையில் தவழாத ஆள் எதற்கு அதைக் கட்டப்போகிறார்?

காந்தம் கதவில் ஒட்டியது, மட்கார்டில் ஒட்டியது, இறக்கைகளில் ஒட்டியது. இந்தத் தகட்டு வேலை செய்தவர் கையைப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்றார் காந்தக்காரர். பெரியவர் அது அங்கேயிருந்து வந்தது என்று பெருமையாகச் சொன்னார். எஞ்சினை ஓடவிட்டார்கள். காந்தக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, வருஷம் இத்தனை ஆகியும் தும்மல்கூட இல்லையே என்று வியந்தார். பிறகு கீழே குனிந்தார்.

தையல்காரர் குறுக்கே வந்தார். அடியில் கோந்து காயவில்லை என்றார். காந்தக்காரர், பரவாயில்லை, பழைய சட்டைதான் என்றார். டீ குடித்துவிட்டுப் பார்க்கலாமே என்றார். குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்றார் அவர். வேறு வழி தெரியாமல், காலையில் ஒரு பாம்பு அடியில் போனதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார் தையல்காரர்.

பெரியவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். “பாம்பு இருந்தா வண்டியை உயரத் தூக்கிட்டுப் பார்த்தாப் போச்சு, மாப்பிள்ளை” என்று ஜாக்கியை எடுத்து இரண்டு பக்கமும் தூக்கி நிறுத்தினார். ஒரு ஆள் குடும்பத்தோடு படுத்துறங்குகிற அளவுக்கு இடம் கிடைத்தது.

காந்தக்காரர் மல்லாந்து உள்ளே போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து, சேஸிஸ் நம்பர் சொல்லுங்கள் என்று குரல் வந்தது.

பெரியவர் எந்தக் காகிதத்தையும் தேடவில்லை. அப்பா மூன்று பிள்ளைகளுக்கும் பேச்சு வந்ததும் சொல்லிக்கொடுத்தது அந்த நம்பரைத்தான். எங்கேயாவது தொலைந்துபோனால் அப்பா பேரைச் சொல்ல வேண்டாம், அதே பேரில் ஊரில் நாலு பேர் இருப்பார்கள். கார் நம்பரைச் சொன்னால் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்பது அவர் கட்சி. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். முன்பகுதியெல்லாம் கம்பெனி எழுத்துகள், கடைசியில் முப்பத்தொன்பது.

அடியில் டார்ச் வெளிச்சம் இரண்டு தடவை போய்வந்தது.

“கடைசி ரெண்டு இன்னொரு தடவை சொல்லுங்க.”

“முப்பத்தொன்பது.”

“இதுல பன்னிரண்டுன்னு இருக்குதே ஐயா.”

பெரியவர் சிரித்தார். சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் தானும் மல்லாந்து உள்ளே போனார். இப்போது நாலு கால் வெளியே தெரிந்தது. தையல்காரர் அந்த நாலு காலையும் பார்த்துக்கொண்டு கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். பெரியவர் வெளியே வந்தபோது முகத்தில் கிரீஸ் இருந்தது. காரின் முன்பக்கம் போய் அதன் இரண்டு விளக்குகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

“அப்ப இது யாரு?”

காந்தக்காரர்தான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார், முப்பத்தொன்பதைக் காலையில் பார்த்தேன், நான்கு தெரு தள்ளி ஒரு டிங்கரிங் ஷெட்டில் ஜம்மென்று நிற்கிறது என்று.

பெரியவருக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது எல்லாமே தப்பாக விளங்கிவிட்டது. தம்பி இரவோடு இரவாக வந்து அப்பா காரைத் திருடிக்கொண்டு, பன்னிரண்டை இங்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். பூட்டு உடையவில்லையே என்று தையல்காரர் முனகியதற்கு, டிங்கரிங்காரனுக்குப் பூட்டு ஒரு பொருட்டா என்றார். இவ்வளவு நீளமான காரைச் சத்தமில்லாமல் எப்படி என்றதற்கு, அவன் சின்ன வயதிலிருந்தே சத்தமில்லாத பையன் என்றார். ஜாக்கியை இறக்கி, காந்தக்காரரைப் பின்சீட்டில் ஏற்றி, மாப்பிள்ளையை முன்சீட்டில் உட்காரவைத்து, கிட்டத்தட்ட இருபது வருஷமாகப் போகாத திசையில் வண்டியைத் திருப்பினார்.

தையல்காரருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. திருட்டுப்போன வண்டியைத் தேடி, திருடனுடைய வண்டியில் போகிறோமா, அல்லது திருடிய வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோமா? இரண்டுக்கும் நடுவில் தான் யார்? கேட்க நினைத்தார். வாயில் ஊசி இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் கேட்கவில்லை.

வாய்க்கால்மேல் ஒரு சின்னப் பாலம். அகலமாகக் கட்டவேண்டும் என்று கட்டியவருக்குத் தோன்றவில்லை. அமெரிக்கக் கார் வரும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். பெரியவர் பாதிப் பாலம் வந்தபோது எதிரே இன்னொரு கடல்பச்சைக் கார் ஏறியது. கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்க்கிற மாதிரி இருந்தது. அதே பம்பர், அதே விளக்கு, அதே கோபம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னவர். பக்கத்துச் சீட்டில், மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு தையல்காரருடைய மனைவி.

இரண்டு பம்பரும் முத்தம் கொடுக்கிற தூரத்தில் நின்றன.

சின்னவர் கதை வேறு மாதிரி. காலையில் காந்தக்காரர் அடியில் போய் நம்பரை வாய்விட்டுப் படித்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. ஆள் போனபிறகு தானும் அடியில் போய்ப் பார்த்தார். முப்பத்தொன்பது. தொலைந்துபோனால் சொல்ல வேண்டிய நம்பர். வெளியே வந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காரைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்த கை. தொட்டது மட்டுமா, தட்டி, தேய்த்து, வர்ணம் அடித்து, வெயில் நாளில் ஈரத்துணி போர்த்திய கை. விரல்களை மடக்கிப் பார்த்தார். விளங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே இது அண்ணன் சதி. சோதனை நாளில் தன்னைத் திருடனாக்க, அப்பா காரைக் கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டு, தன் காரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஆக, இரண்டு பேரும் திருட்டுக் கொடுத்தவர்கள். திருடன் இல்லாத திருட்டு. இரண்டு பேரும் இறங்கினார்கள், ஆனால் பேசவில்லை. பேச்சு இல்லாதவர்கள் ஆயிற்றே.

“வண்டியைப் பின்னாடி எடுக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை.”

“முதல்ல அவரை எடுக்கச் சொல்லுங்க அத்தான். அப்புறம் பேசிக்கலாம்.”

தையல்காரர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். பாலத்தின் இரண்டு முனையிலும் வண்டிகள் சேர ஆரம்பித்தன. ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. யாரோ, இது கல்யாண ஊர்வலமா என்று கேட்டார்கள். கடைசியில் பெரியவர் வாய் தவறி நேராகவே சொல்லிவிட்டார்.

“எனக்கு ரிவர்ஸ் கிடையாதுடா.”

“எனக்கும்தான் கிடையாது” என்றார் சின்னவர். பிறகுதான் இரண்டு பேருக்கும் தாங்கள் பேசிவிட்டது தெரிந்தது.

ரிவர்ஸ் கதை தையல்காரருக்குத் தெரியும். ரிவர்ஸ் விழாத கியர் பாக்ஸை அண்ணன் தள்ளிவிட்ட அதே மாதத்தில், ரிவர்ஸ் விழாத கியர் பாக்ஸைத் தம்பியும் தள்ளிவிட்டார். மரப்பெட்டி இரண்டு நடை போயிற்று. இரண்டு பேருமே மாட்டிப் பார்த்துவிட்டு, முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை, அங்கேயிருந்து வந்தது அங்கேயிருந்து வந்ததுதான் என்றார்கள்.

பேச்சு ஒருதரம் திறந்துகொண்டபிறகு மூடவில்லை. நீ திருடன், நீங்கதான் திருடன் என்று தொடங்கி, சின்ன வயதில் உடைந்த ஒரு பம்பரம் வரைக்கும் பின்னால் போனார்கள், கார்தான் போகவில்லை. பெரியவர் போலீஸ் என்றார். சின்னவர், கூப்பிடுங்கள், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்றார். போன் கையில் வந்துவிட்டது. தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் காருக்குள்தான் இருந்தாள். வெளியே வராதே என்று அவர் கண்ணாலேயே சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருடன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற வரையில் அவளுக்கு ஆபத்தில்லை. ஒரு வார்த்தை போதும், பிறந்த வீடு போய்விடும்.

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கைப்பையைக் காரின் மூக்குமேல் வைத்தாள். இரண்டு பம்பருக்கும் நடுவில், ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற இடத்தில் போய் நின்றாள்.

“யாரும் திருடலை. நான்தான்.”

அண்ணனுக்குப் புரியவில்லை. தம்பிக்கும் புரியவில்லை. அவள் சுருக்கமாகச் சொன்னாள்: நீ வேண்டாம்னதை அவனுக்குக் கொடுத்தேன், அவன் வேண்டாம்னதை உனக்குக் கொடுத்தேன். அமெரிக்கா என்பது என் கடைப் பின்கட்டு. கப்பல் இவர்தான் என்று கணவரைக் காட்டினாள். தையல்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார்.

பெரியவர் எதிரே நிற்கிற காரின் மட்கார்டைப் பார்த்தார். “நான் உனக்குக் கொடுத்தது ஓட்டையாத்தானே இருந்தது?” என்று தம்பியைக் கேட்டார். சின்னவர் ஓடிக்கொண்டிருந்த தன் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டார். “இது யார் டியூன் பண்ணினதுன்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருந்தேன்” என்றார், யாருக்கென்று இல்லாமல்.

பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

அப்படி ஒரு திட்டை அந்தப் பாலம் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக ஏமாற்றியிருக்கிறாய் என்று பெரியவர் ஆரம்பித்தால், கூசாமல் வைக்கோல் வேறு போட்டிருக்கிறாள் என்று சின்னவர் முடித்தார். அண்ணன் மூச்சு வாங்குகிற நேரத்தில் தம்பி தொடர்ந்தார். தம்பிக்கு வார்த்தை தட்டுப்பட்டபோது அண்ணன் எடுத்துக்கொடுத்தார். நீ இரு, நான் சொல்றேன் என்று அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்து நகர்த்தினார். பிடித்த கையை எடுக்க மறந்துவிட்டார். இனி எங்க வீட்டுப் படி ஏறாதே என்றார் சின்னவர்.

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இதற்குத்தான் பயந்தார்.

அவள் அழவில்லை. “எந்த வீடு?” என்று கேட்டாள்.

“எங்க வீடுதான்” என்றார் பெரியவர்.

“ரெண்டு பேரும் சேர்ந்து எங்க வீடுன்னு சொல்லி எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. நல்லாத் திட்டுங்க. சேர்ந்தே திட்டுங்க. நான் எங்கயும் போகலை.”

சின்னவர் தன் தோள்மேல் இருந்த கையைத் திரும்பிப் பார்த்தார். அதை இப்போது எடுப்பதா, வைத்திருப்பதா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. அது அங்கேயே இருந்தது.

பின்னால் நின்ற வண்டிகள் இந்தக் குடும்பத்துக்காக இதற்குமேல் காத்திருக்கத் தயாராக இல்லை. தையல்காரர்தான் அந்தப் பாலத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார். சாமானையெல்லாம் கழற்றித் திரும்ப மாட்டவேண்டியதில்லை, சாவியை மாற்றிக்கொண்டால் போதும் என்றார். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். இவ்வளவு லேசான யோசனையை அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை சொன்னதில்லை. சாவி கை மாறியது. ஆனால் எது பின்னால் போவது? அப்பா வண்டியைத் தள்ள அண்ணன் சம்மதிக்கவில்லை. ஆகவே பன்னிரண்டைத் தள்ளுவது என்று முடிவாயிற்று. தையல்காரர் ஸ்டியரிங்கில், அண்ணனும் தம்பியும் மூக்கில் கைவைத்து, தோளோடு தோள் உரசித் தள்ளினார்கள். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அவள் பக்கத்தில் நடந்து வந்தாள். நடுநடுவே ஒரு திட்டு, அவளுக்கு. வாங்கிக்கொண்டாள்.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தியதும் சின்னவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இனி இது என் வண்டி, நம்பரைப் பார்த்து நாளாயிற்று என்று டார்ச்சை வாங்கி அடியில் புகுந்தார். நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்தவர் முகத்திலும் கிரீஸ்.

“இதுல பன்னிரண்டு போட்டிருக்கு.”

அதைத்தானே சொன்னேன் என்றார் காந்தக்காரர்.

“நான் காயலாங்கடையில வாங்கினது அறுபத்தாறு.”

பெரியவர் முப்பத்தொன்பதைப் பார்த்தார். சின்னவர் பன்னிரண்டைப் பார்த்தார். காந்தக்காரர் தன் காந்தத்தைப் பார்த்தார், அதற்கு ஏதாவது தெரியுமா என்பதுபோல. அப்படியானால் அறுபத்தாறு எங்கே? பன்னிரண்டு யாருடையது? தையல்காரர் மனைவியைத் தேடினார். அவள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நேரமும் கலங்காத முகம் இப்போதுதான் வெளுத்திருந்தது.

“ஏம்மா, மூணாவதா ஒண்ணு இருக்கா?” என்று அருகே போய்க் கேட்டார்.

“மெதுவாப் பேசுங்க” என்றாள் அவள். “அந்த வீட்டுல பெட்டியை யார் வாங்கிக்கிட்டாங்கன்னு இவங்களுக்குத் தெரிஞ்சா, இன்னைக்குச் சேர்ந்தது இன்னைக்கே பிரிஞ்சுடும்.”

மறுபடியும் கண்ணாடி மேஜைமேல், கை நெஞ்சில்: அந்த மாடலில் அந்தக் கம்பெனி மொத்தம் செய்தது ஒரே ஒரு கார்.